துவொர்ஷாக் என்னும் செக் குடும்பப் பெயர்: பிறப்பும் எழுத்து வேறுபாடுகளும்

ஒரே குடும்பத்தின் பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு விதமாகவும், அமெரிக்கா சென்ற கப்பலின் பயணிகள் பட்டியலில் வேறு விதமாகவும், கல்லறைக் கல்லில் மூன்றாவது விதமாகவும் இருக்கிறதே, இவை எல்லாம் ‘துவொர்ஷாக்’ என்ற ஒரே பெயர்தானா, எது சரியான வடிவம், அதற்குப் பொருள் என்ன, இசையமைப்பாளர் அந்தோனின் துவொர்ஷாக்கோடு இந்தப் பெயர் கொண்ட எல்லோருக்கும் உறவு உண்டா என்று கேட்டிருந்தீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: பெயரை மட்டும் வைத்து உறவு சொல்ல முடியாது. செக் நாட்டில் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர்களின் வரிசையில் நோவாக், ஸ்வொபொதா, நோவோத்னி ஆகியவற்றோடு முதல் ஐந்து இடங்களுக்குள் எப்போதும் வரும் பெயர் இது. ஊருக்கு ஊர் தனித்தனியாகத் தோன்றிய பெயர். மற்ற கேள்விகளுக்கு விடை சொல்ல இந்தப் பெயரின் ஒலியிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் வேறுபாடுகளில் பெரும்பகுதி அதில் உள்ள ஒரே ஓர் ஒலியால் வந்தது.

இன்றைய செக் எழுத்துமுறையில் இந்தப் பெயருக்கு ஆறு எழுத்துகள்: டி, வி, ஓ, தலையில் கொக்கி போட்ட ஆர், தலையில் கோடு போட்ட ஏ, கே. தமிழைப் போலவே செக் மொழியிலும் குறிலும் நெடிலும் பொருளை மாற்றும். மேலே இடப்படும் சாய்கோடு நெடிலைக் காட்டும் குறி. இந்தப் பெயரின் ‘ஓ’ எழுத்தின் மேல் கோடு இல்லை, ஆகவே அது ‘ஒ’ என்ற குறில். ‘ஏ’ எழுத்தின் மேல் கோடு இருப்பதால் அது ‘ஆ’ என்ற நெடில். கோட்டைக் கண்டவுடன் அங்கே அழுத்திச் சொல்ல வேண்டும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். செக் மொழியில் அழுத்தம் எப்போதும் முதல் அசையில்தான் விழும். குறிலையும் நெடிலையும் காதால் பிரித்தறிந்து பழகிய தமிழருக்கு இது எளிதில் பிடிபடும். அதனால்தான் ‘துவோ’ என்று நீட்டாமல் ‘துவொர்ஷாக்’ என்று இங்கே எழுதுகிறேன்.

கடினம் அந்தக் கொக்கி ஆர் எழுத்தில் இருக்கிறது. நாக்கின் நுனி மேல்வரிசைப் பற்களுக்குப் பின்னால் உள்ள ஈறுப் பகுதியில் பட்டுப் படபடவென்று அதிர வேண்டும். அதே நொடியில் நாக்கின் மேல் காற்று உரசி, ‘ஷ’ ஒலியோடு குரலும் கலந்தாற்போன்ற ஓர் இரைச்சல் எழ வேண்டும். முதலில் ‘ர்’, பிறகு ‘ஷ்’ என்று இரண்டாக ஒலித்தால் அது அந்த ஒலி ஆகாது. இரண்டும் ஒரே சமயத்தில் நிகழ வேண்டும். செக் குழந்தைகள் எல்லா ஒலிகளுக்கும் கடைசியில் கற்றுக்கொள்வது இதைத்தான். பள்ளி வயதிலும் இது வராத பிள்ளைகளைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துச் செல்வது அங்கே வழக்கமான செயல். பன்னாட்டு ஒலியெழுத்து முறையில் இந்த ஒலிக்கென்று 1989 வரை தனி எழுத்தே இருந்தது. நான் ‘ர்ஷ்’ என்று எழுதுவதும் ஒட்டிப் பிறந்த இரண்டை வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது போன்றதுதான். இதே வெட்டலை ஜெர்மானிய எழுத்தரும், போலந்துக்காரரும், ஹங்கேரியரும், அமெரிக்கரும் தத்தம் எழுத்துகளைக் கொண்டு செய்தார்கள். நீங்கள் காட்டும் வடிவங்கள் அந்த முயற்சிகளின் தடங்கள். அவற்றில் ஒன்றையும் பிழை என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

இனி பொருள். பெயரின் வேர் ‘துவூர்’ என்ற செக் சொல். வீட்டு முற்றம், நிலக்கிழாரின் பண்ணை, அரசவை ஆகிய மூன்றையும் அது குறிக்கும். வேற்றுமை உருபு ஏறும்போது அதன் நெடில் ‘துவொர்’ என்று குறுகும். அதோடு ‘ஆக்’ என்ற விகுதி சேர்ந்து ‘துவொர்ஷாக்’ ஆகிறது. தலைநகரான பிராகா (பிராக்) நகரத்தவரைச் செக் மக்கள் ‘பிரஷாக்’ என்று சொல்வதில் உள்ளதும் இதே விகுதிதான். இன்ன இடத்தைச் சேர்ந்தவர், இன்னதோடு தொடர்புள்ளவர் என்று அது பொருள் தரும். விகுதியின் முன் வேரின் ‘ர்’ மென்மையாகி, 13ஆம் நூற்றாண்டளவில் செக் மொழிக்கே உரிய அந்தக் கொக்கி ஆர் ஒலியாக மாறியது.

அரசவை என்ற பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு ‘அரசவைக்காரர்’ என்றும், அதிலிருந்து பிரபுக்குலத்து வழித்தோன்றல் என்றும் விளக்கம் சொல்வது வெளிநாடுகளில் பரவலாக உள்ளது. அரசவைக்காரருக்குச் செக்கில் ‘துவொர்ஷன்’ என்ற வேறு சொல் இருக்கிறது. துவொர்ஷாக் நாட்டுப்புறத்துப் பெயர்; பண்ணையிலிருந்து வந்த பெயர். ஆனால் பண்ணையில் யார்? இங்கேதான் நம் மொழி நமக்குக் கைகொடுக்கிறது. தமிழில் பண்ணை என்ற ஒரே சொல்லிலிருந்து பண்ணையாரும் வருகிறார், பண்ணையாளும் வருகிறார். ஒருவர் நிலத்துக்கு உடையவர், மற்றவர் அந்த நிலத்தில் உழைப்பவர். செக் பெயரிலோ இந்த இருவரும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டார்கள். எந்தப் பிரபுவுக்கும் உழைப்புக் கடமை செலுத்த வேண்டியிராத, தனக்கென்று பெரிய பண்ணை வைத்திருந்த உழவர் ஒருவரையும் ஊரார் துவொர்ஷாக் என்றார்கள். பிரபுவின் பண்ணையில் உழுது, மாடு பார்த்து, களஞ்சியம் காத்தவரையும் துவொர்ஷாக் என்றார்கள். கிராமத்தின் ஓரத்தில் பண்ணையை ஒட்டிக் குடியிருந்ததாலேயே பெயர் பெற்றவரும் உண்டு. ஆகவே உங்கள் குடும்பத்துத் துவொர்ஷாக் இவர்களில் யார் என்பதைப் பெயர் சொல்லாது. அந்த ஊரின் நிலப் பதிவுகள்தான் சொல்ல வேண்டும். செக் நாட்டின் மேற்குப் பகுதியான பொஹீமியாவின் 1654ஆம் ஆண்டு வரிப் பேரேடு அதற்கு மிக நல்ல சான்று. அதில் நிலம் வைத்திருந்த குடியானவர்களின் பெயர்கள், அவர்களிடமிருந்த நிலத்தின் அளவு, கால்நடைகளின் எண்ணிக்கை ஆகியவை ஊர் வாரியாக உள்ளன. அதில் ஒரு துவொர்ஷாக்குக்கு எத்தனை மாடுகள் இருந்தன என்பதைப் பார்த்தாலே அவர் எந்த நிலையிலிருந்தார் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

பெயர் ஒரே குடும்பத்தில் நிலையாகத் தொடர்ந்தது என்று கொள்வதிலும் எச்சரிக்கை வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை செக் நாட்டுப்புறத்தில் பெயர் பல இடங்களில் ஆளைவிட வீட்டோடுதான் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பண்ணைவீட்டுக்கு மருமகனாகப் போனவர் அந்த வீட்டின் பெயரால் அழைக்கப்பட்டார். அவருடைய பிள்ளைகளும் அந்தப் பெயரையே பெற்றார்கள். பங்குத்தந்தை, அதாவது ஊர்த் தேவாலயத்தின் பாதிரியார், பதிவேட்டில் எழுதும்போது ஒரு பெயரை எழுதி, ‘இன்னாக்’ என்ற செக் சொல்லையோ ‘வுல்கோ’ என்ற லத்தீன் சொல்லையோ இட்டு இரண்டாவது பெயரைச் சேர்ப்பார். ‘வேறு பெயர் இன்னது’, ‘ஊரார் அழைப்பது இன்னது’ என்று அவற்றுக்குப் பொருள். பிறந்த பெயர் ஒன்று, குடிபோன பண்ணையால் வந்த பெயர் துவொர்ஷாக் என்று ஒருவருக்கு இரண்டு பெயர்கள் இருப்பதைக் கண்டால் வேறு இருவரைக் குழப்பிவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். 1780களில், வியன்னாவிலிருந்து செக் நாட்டையும் ஆண்ட ஹாப்ஸ்பர்க் குலத்துப் பேரரசர் இரண்டாம் யோசெஃப் பிறப்பித்த ஆணைகளால்தான் தந்தையின் பெயர் பிள்ளைக்கு மாறாமல் இறங்க வேண்டும் என்பது சட்டமாயிற்று. இன்றுள்ள பல துவொர்ஷாக் குடும்பங்கள் அந்தத் தலைமுறையில் எந்த வீட்டில் இருந்தார்களோ அந்த வீட்டின் பெயரோடு நிலைத்துவிட்டவர்கள்.

எழுத்துக்கு வருவோம். லத்தீன் எழுத்துகளைக் கடன் வாங்கிய செக் மொழிக்கு லத்தீனில் இல்லாத ஒலிகளை எழுத வழியில்லாமல் இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து ஓர் ஒலியைக் குறிக்கும் முறை பரவியது. அந்த முறையில் நம் கொக்கி ஆர் ஒலிக்கு ஆர், இசட் என்ற இரண்டும் சேர்ந்து நின்றன. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், யான் ஹுஸ் எழுதியதாகக் கருதப்படும் எழுத்திலக்கண நூல் ஒன்று, இரண்டு எழுத்துக்குப் பதிலாக ஓர் எழுத்தின் மேல் புள்ளி வைத்தாலே போதும் என்றும், நெடிலுக்கு மேலே கோடு இடலாம் என்றும் சொன்னது. 1415இல் கொன்ஸ்தான்ஸ் நகரில் எரிக்கப்பட்ட அதே சமயச் சீர்திருத்தவாதிதான் இவர். அந்தப் புள்ளிதான் எழுதுகோலின் வேகத்தில் நாளடைவில் சிறு கொக்கியாக வளைந்தது. செக் மொழியில் அதன் பெயரே ‘ஹாச்செக்’, அதாவது சிறு கொக்கி. எழுத்தின் மேல் வைக்கும் ஒரு புள்ளி ஒலியையே மாற்றிவிடும் என்பது தமிழருக்குப் புதிய செய்தி அல்ல.

ஆனால் கொக்கி வந்த பிறகும் பெயரின் இரண்டாவது எழுத்து இன்றுள்ளது போல் ‘வி’ ஆகவில்லை. பழைய செக் அச்சு நூல்களில் ‘வ’ ஒலிக்கு டபிள்யூ எழுத்துதான் இடப்பட்டது. அது 1849இல்தான் மாறி ‘வி’ ஆனது. ஆகவே டபிள்யூ இட்ட வடிவத்தைக் கண்டதும் ஜெர்மானியர் எழுதியது என்றோ போலந்து வழி வந்தது என்றோ முடிவு கட்டிவிடக் கூடாது. 1849க்கு முன்பு முழுக்க முழுக்கச் செக் மொழியிலேயே எழுதிய செக் பாதிரியாரும் டபிள்யூதான் இட்டிருப்பார். இசையமைப்பாளர் அந்தோனின் துவொர்ஷாக் நெலாஹொசெவெஸ் என்ற ஊரில் பிறந்த 1841ஆம் ஆண்டும் அந்தப் பழைய எழுத்துமுறைக் காலமே. அவர் வாழ்நாளுக்குள்ளேயே அவருடைய பெயரின் எழுத்து, சட்டமோ விருப்பமோ தேவைப்படாமல், மொழியின் சீர்திருத்தத்தாலேயே மாறிவிட்டது. உங்கள் குடும்ப ஆவணங்களில் 1840களுக்கு முன்பு டபிள்யூவும் 1850களுக்குப் பிறகு ‘வி’யும் இருந்தால் அதில் விளக்கம் தேட ஒன்றுமில்லை.

உண்மையான ஜெர்மானிய வடிவத்தை வேறோர் இடத்தில் அடையாளம் காணலாம். ஜெர்மன் எழுத்துமுறையில் கொக்கி இல்லை. அந்த உரசொலிக்கு மிக நெருங்கிய எழுத்துச் சேர்க்கை எஸ், சி, எச் என்ற மூன்று. எனவே பெயரின் நடுவில் ஆர் எழுத்தைத் தொடர்ந்து இந்த மூன்றும் வந்தால், செக் பெயரை ஜெர்மன் காதால் கேட்டு ஜெர்மன் கையால் எழுதியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். நடுவில் ஆர், இசட் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் பழைய இரட்டை எழுத்து முறையின் எச்சம். ஹாப்ஸ்பர்க் ஆட்சியில் அலுவலகங்களின் மொழி ஜெர்மனாக இருந்ததாலும், 19ஆம் நூற்றாண்டில் வேலை தேடி வியன்னாவுக்குப் பெருந்திரளாகச் செக் மக்கள் குடிபெயர்ந்ததாலும், ஆஸ்திரியாவில் இந்த வடிவங்கள் எல்லாமே குடும்பப் பெயர்களாக உறைந்து இன்றும் அடுத்தடுத்த வீடுகளில் வழங்குகின்றன. அதே வியன்னாவில் பேராசிரியராக விளங்கிய கலை வரலாற்றாசிரியர் மாக்ஸ் துவொர்ஷாக் செக் எழுத்தையே வைத்துக்கொண்டார். அவர் 1874இல் பொஹீமியாவின் ரோவ்த்னிட்ஸே ஊரில் பிறந்தவர்.

பெயரின் எழுத்து அந்தக் காலத்தில் வெறும் எழுத்தாக மட்டும் இருக்கவில்லை என்பதற்கு இசையமைப்பாளரின் வாழ்க்கையிலேயே சான்று உண்டு. பெர்லினில் இருந்த அவருடைய பதிப்பாளர் சிம்ராக் இசைநூல்களின் முகப்பில் அவருடைய முதற்பெயரை ‘அந்தோன்’ என்று ஜெர்மன் வடிவில் அச்சிட்டார். தம் பெயர் செக் வடிவில் ‘அந்தோனின்’ என்றே இருக்க வேண்டும் என்று துவொர்ஷாக் 1880களில் வற்புறுத்தினார். முடிவில் இரண்டு மொழிகளுக்கும் பொதுவான முதல் மூன்று எழுத்துகளை மட்டும் இட்டுப் புள்ளி வைப்பது என்று சமரசம் ஆனது. அந்த முகப்புகளில் முதற்பெயர் சுருங்கி நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், இடமில்லாததால் சுருக்கினார்கள் என்று கடந்துபோகிறவர்களுக்கு அந்த ஒரு புள்ளியின் பின்னாலுள்ள மனவருத்தத்தைச் சொல்ல வேண்டும் என்று தோன்றும்.

பதிவேட்டுப் பக்கம் ஒன்று எப்படி இருக்கும் என்று சொன்னால் உங்கள் தேடலுக்கு உதவும். 1784இல் இரண்டாம் யோசெஃபின் ஆணையால் பங்குப் பதிவேடுகள் கட்டம் போட்ட வடிவத்துக்கு மாறின. இடப்பக்கத்திலிருந்து தேதி, வீட்டு எண், குழந்தையின் பெயர், மதம், ஆணா பெண்ணா, முறையான திருமணத்தில் பிறந்ததா இல்லையா, அதன் பிறகு தந்தை, தாய், ஞானப்பெற்றோர் என்று கட்டங்கள் போகும். மதத்துக்கும் பாலுக்கும் உரிய கட்டங்களில் ஒரு கோடு அல்லது எண் ஒன்று மட்டும் இருக்கும். தந்தையின் கட்டத்தில்தான் நம் பெயர். அந்தக் கட்டத்தில் ஆறு ஆண்டுகளில் பிறந்த மூன்று குழந்தைகளுக்கு அதே தந்தையின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பது மிகச் சாதாரணம். முதல் பிள்ளையை எழுதியது வயதான பங்குத்தந்தை, அடுத்ததை எழுதியது புதிதாக வந்த உதவிக் குரு, மூன்றாவதை எழுதியவர் வேறு ஊரிலிருந்து வந்தவர். தந்தைக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்திருந்தாலும் அவரிடம் யாரும் எழுத்துக் கேட்கவில்லை. இங்கே பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தவறும். வீட்டு எண்ணைப் பிடியுங்கள். 1770–71இல் யோசெஃபின் தாயான அரசி மரியா தெரேசாவின் காலத்தில் வீடுகளுக்கு இடப்பட்ட அந்த எண் எழுத்தரின் காதுக்கும் மொழிக்கும் ஏற்ப மாறுவதில்லை. ஒரே ஊர், ஒரே வீட்டு எண், தாயின் பெயரும் ஒன்று என்றால், துவொர்ஷாக் எப்படி எழுதப்பட்டிருந்தாலும் அது ஒரே குடும்பம்.

வேற்றுமை உருபுகளால் வரும் வடிவங்களையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அமெரிக்க வம்சாவளி ஆய்வாளர்கள் அடிக்கடி இடறுவது இங்கேதான். செக் மொழி தமிழைப் போலவே பெயரின் மேல் உருபு ஏற்றும் மொழி. ‘ஃபிரான்டிஷெக் துவொர்ஷாக்கின் மகன்’ என்று எழுத வேண்டிய இடத்தில் பெயர் ‘துவொர்ஷாக்கா’ என்று முடியும். குடும்பம் முழுவதையும் சேர்த்துச் சொன்னால் ‘துவொர்ஷாக்கொவி’. ‘துவொர்ஷாக்கு வீட்டில்’ என்றால் வேறொரு முடிவு. இவற்றைத் தனித்தனிக் குடும்பப் பெயர்கள் என்று பட்டியலிட்ட வம்சாவளிகள் உண்டு. முருகனின், முருகனுக்கு, முருகனோடு என்பவற்றை மூன்று ஆட்களாக எண்ணுவதற்கு அது ஒப்பானது.

பெண்களின் வடிவம் ‘துவொர்ஷாக்கொவா’. மனைவிக்கும் மகளுக்கும் இந்த ‘ஒவா’ விகுதி சேரும். ஜெர்மனில் எழுதிய பழைய பதிவேடுகளில் அதே பெண்ணுக்கு ‘இன்’ என்ற ஜெர்மன் பெண்பால் விகுதி ஒட்டியிருக்கும். அமெரிக்காவுக்குப் போன பிறகு இரண்டும் உதிர்ந்துவிடும். எனவே தாய்நாட்டுப் பதிவில் ‘ஒவா’வோடும் கப்பல் பட்டியலில் அது இல்லாமலும் உள்ள பெண் ஒருவரேதான். செக் நாட்டிலேயே 2022 ஜனவரி 1 முதல் எந்தப் பெண்ணும் காரணம் சொல்லாமல் விகுதி இல்லாத வடிவத்தைத் தேர்ந்துகொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே வருங்காலத்துப் பதிவுகளில் அங்கேயும் இரண்டு வடிவங்களும் இருக்கும்.

அண்டை மொழிகளின் வடிவங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்லோவாக் மொழியில் அந்தக் கொக்கி ஒலியே உருவாகவில்லை. அங்கே பெயர் சாதாரண ஆர் எழுத்தோடும் நெடிலோடும் ‘துவொராக்’. போலந்தில் ஆர்-இசட் சேர்ந்த வடிவம் ஒன்றும், வெறும் ஆர் உள்ள வடிவம் ஒன்றும் உண்டு. அங்கே ஆர்-இசட் சேர்க்கை ஒரு காலத்தில் செக் ஒலி போன்றே ஒலித்து, பிறகு அதிர்வை இழந்து உரசொலி மட்டுமாகத் தேய்ந்தது. ஹங்கேரியர் ஆர் எழுத்துக்குப் பின் இசட், எஸ் என்ற தங்கள் இரட்டையை இட்டார்கள். 1877இல் ஹங்கேரியின் ஊர்ப்பெயர்க் களஞ்சியத்தைத் தொகுத்தவரின் குடும்பப் பெயர் இந்த வடிவில்தான் அச்சாகியிருக்கிறது. ரஷ்யர் ‘துவொர்ஜ்ஜாக்’ என்பது போல் இரண்டு எழுத்துகளாகப் பிரித்தே எழுதுகிறார்கள். இவற்றில் போலந்து, ஸ்லோவாக் வடிவங்கள் எல்லாமே செக் நாட்டிலிருந்து போனவை என்று கொள்ளக் கூடாது. ‘துவொர்’ என்ற வேர் எல்லா ஸ்லாவிய மொழிகளுக்கும் பொது. பண்ணையும் பண்ணையாளும் எங்கும் இருந்தார்கள். பெயர் அங்கங்கே தானாகவே பிறக்க முடியும்.

ஒலி ஒத்தும் வேர் வேறான பெயர்களும் உண்டு. ‘துவொர்கின்’ என்பது யூதக் குடும்பங்களில் வழங்கும் பெயர். அது ‘துவோரா’ என்ற எபிரேயப் பெண்பெயரிலிருந்து, அதாவது விவிலியத்தின் தெபோராவிலிருந்து வந்தது. பண்ணையோடு அதற்குத் தொடர்பில்லை. ‘துவொர்ஸ்கி’, ‘துவொர்னிக்’, ‘துவொர்ஷாச்செக்’ ஆகியவை அதே வேரின் கிளைகள்தாம். கடைசியில் சொன்னது ‘சின்னத் துவொர்ஷாக்’ என்று பொருள்படும் குறுமைப் பெயர். ஆயினும் இவை தனிக் குடும்பப் பெயர்கள், எழுத்து வேறுபாடுகள் அல்ல.

அமெரிக்க வடிவங்களுக்கு வருகிறேன். நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் குடிவரவு அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்ற கதை எல்லாக் குடும்பங்களிலும் வழங்குகிறது. 1892இல் திறக்கப்பட்ட அந்த நிலையத்தில் அதிகாரிகள் புதிதாகப் பெயர் எழுதவில்லை. கப்பல் நிறுவனம் புறப்பட்ட துறைமுகத்தில் தயாரித்துக் கொடுத்த பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள். செக் குடியேறிகள் பெரும்பாலும் ஏறிய துறைமுகங்கள் ஹாம்பர்க்கும் பிரேமனும். பட்டியலை எழுதியவர்கள் ஜெர்மானிய எழுத்தர்கள். கப்பல் பட்டியலில் எஸ்-சி-எச் சேர்ந்த வடிவம் இருப்பதற்குக் காரணம் அதுவே. ஊரில் அந்தக் குடும்பம் ஒரு நாளும் அப்படி எழுதியிருக்காது. அமெரிக்காவில் நிலைத்த பிறகு பள்ளியும் நில அலுவலகமும் தட்டச்சுப்பொறியும் சேர்ந்து கொக்கியையும் கோட்டையும் உதிர்த்தன. சிகாகோவில் 1877இல் அமைக்கப்பட்ட பொஹீமிய தேசியக் கல்லறைத் தோட்டம் போன்ற இடங்களில் முதல் தலைமுறையின் கற்கள் கொக்கியோடும் ‘ஒவா’வோடும் செக் மொழியிலும், பேரப்பிள்ளைகளின் கற்கள் குறி ஏதுமின்றி ஆங்கிலத்திலும் இருப்பதைக் காணலாம்.

குறி உதிர்ந்தவுடன் குடும்பங்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. எழுத்தைக் காப்பாற்றினால் ஒலி போய்விடும். ஒலியைக் காப்பாற்றினால் எழுத்து மாற வேண்டும். முதல் வழிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, 1936இல் காப்புரிமை பெற்ற தட்டச்சு விசைப்பலகையை வடிவமைத்த ஆகஸ்ட் துவொராக். மினசோட்டாவில் 1894இல் பிறந்த அவர் எழுத்துகளை அப்படியே வைத்துக்கொண்டார். ஒலி ‘துவொராக்’ ஆகிவிட்டது. கணினியில் அந்த விசைப்பலகையின் பெயரைத் தெரிந்து வைத்திருக்கும் பலருக்கு அதுவும் இசையமைப்பாளரின் பெயரும் ஒன்றே என்பது தெரிவதில்லை. இரண்டாம் வழிக்கு எடுத்துக்காட்டு ஐடஹோ மாநிலத்தின் செனட்டர் ஹென்றி துவொர்ஷாக். அவருடைய பெயரில் இரண்டாவது எழுத்து டபிள்யூ. நடுவில் ஆர் எழுத்துக்குப் பின் எஸ், எச் என்ற ஆங்கில இரட்டை. கொக்கி இல்லை, ஆனால் உரசொலி பிழைத்திருக்கிறது. ஜெர்மன் வடிவத்திலிருந்து ‘சி’ ஒன்று மட்டும் உதிர்ந்து ஆங்கிலத்துக்கு இணங்கிய எழுத்து இது. கிளியர்வாட்டர் ஆற்றின் வடகிளையில் 1973இல் கட்டி முடிக்கப்பட்ட, 219 மீட்டர் உயரமுள்ள அணைக்கு அவருடைய பெயர் இடப்பட்டுள்ளது. ஒரு விசைப்பலகையும் ஓர் அணையும் எழுத்திலும் ஒலியிலும் வேறுபட்டு நின்றாலும், இரண்டின் பெயரும் ஒரே செக் சொல்.

மிகப் புதிய வேறுபாட்டைக் கணினி உண்டாக்கியது. உங்கள் பட்டியலில் நடுவில் குறுக்குக் கோடு போட்ட ‘ஓ’ எழுத்தோடு ஒரு வடிவம் இருந்து, இது டென்மார்க் அல்லது நார்வே வடிவமா என்று கேட்டிருந்தீர்கள். அது எந்த நாட்டு வடிவமும் அல்ல. ஒருங்குறி பரவுவதற்கு முன் நடு ஐரோப்பாவுக்கு ஓர் எழுத்து அட்டவணையும் மேற்கு ஐரோப்பாவுக்கு வேறோர் அட்டவணையும் இருந்தன. நடு ஐரோப்பிய அட்டவணையில் 248ஆம் இடம் கொக்கி ஆர். மேற்கு ஐரோப்பிய அட்டவணையில் அதே 248 குறுக்குக் கோடு போட்ட ‘ஓ’. செக் நாட்டில் தட்டச்சு செய்த கோப்பை மேற்கே திறந்தபோது எண் மாறவில்லை, எழுத்து மாறியது. கோடு போட்ட ‘ஏ’ இரண்டு அட்டவணைகளிலும் ஒரே இடத்தில் இருந்ததால் அது மட்டும் தப்பித்தது. தமிழில் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளை ஒருங்குறிக் காலத்தில் திறந்து தவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தேடும்போது கவனிக்க வேண்டிய ஒன்று மீதம் இருக்கிறது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் பழைய அட்டவணைகள் ‘சவுண்டெக்ஸ்’ என்ற ஒலிக்குறி முறையில் அமைந்தவை. ஒலியால் நெருங்கிய பெயர்களை ஒரே குறியின் கீழ் சேர்ப்பது அதன் நோக்கம். ஆனால் அது ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்டது. அதில் ‘வி’க்கு எண் உண்டு, டபிள்யூவுக்கு இல்லை. விளைவாக, ‘வி’ இட்ட துவொராக் டி162 என்ற குறியிலும், டபிள்யூ இட்ட துவொராக் டி620 என்ற குறியிலும், டபிள்யூவோடு வரும் ஆர்-இசட் வடிவமும் எஸ்-சி-எச் வடிவமும் டி622 என்ற குறியிலும் போய் விழுகின்றன. ஒரு குறியில் மட்டும் தேடிவிட்டுக் குடும்பம் கிடைக்கவில்லை என்று திரும்பியவர்கள் பலர். மூன்றிலும் தேடுங்கள். ஸ்லாவிய, யூதப் பெயர்களுக்கென்று 1985இல் உருவான டைட்ச்–மோகோடாஃப் முறை ‘வி’யையும் டபிள்யூவையும் ஒன்றாகவே கொள்வதால், அதைப் பயன்படுத்தும் தளங்களில் பாதிச் சுமை குறையும்.

எது சரியான வடிவம் என்ற கேள்விக்கு என் கருத்து இது. செக் மொழியில் பெயரைக் குறிப்பிடும்போது கொக்கியும் கோடும் உள்ள வடிவம் ஒன்றே சரி. உயிரோடிருப்பவர்களைப் பொறுத்தவரை அவர்கள் எப்படிக் கையெழுத்திடுகிறார்களோ அதுவே சரி. மினசோட்டாக் குடும்பத்தின் பெயரில் நாமாகக் கொக்கி சேர்ப்பதும் மரியாதைக் குறைவே. ஆவணங்களைப் படியெடுக்கும்போது அந்தந்த ஆவணத்தில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதி, பக்கத்தில் ஆண்டையும் எழுத்தரின் மொழியையும் குறித்து வையுங்கள். திருத்தி எழுதிவிட்டால் அந்தத் தாள் எந்த ஊரில், யார் கையால் எழுதப்பட்டது என்பதற்கான சான்று அழிந்துபோகும். உங்கள் கப்பல் பட்டியலில் பிறந்த ஊரின் பெயர் இருந்தால், அது பொஹீமியாவின் தென்பகுதியில் இருந்தால் த்ரெபோன் ஆவணக் காப்பகமும், செக் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவில் இருந்தால் பெரும்பாலும் ப்ர்னோ ஆவணக் காப்பகமும் தங்கள் பதிவேடுகளை இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கின்றன. முதலில் அந்த ஊர் எந்தத் தேவாலயப் பங்கைச் சேர்ந்தது என்று கண்டுபிடித்து, ஞானஸ்நானப் பதிவில் வீட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த எண்ணோடு 1784 வரை பின்னோக்கிப் போங்கள்.

(செக் பெயர்களை ஒலிக்கு நெருக்கமாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். த்ரெபோன் என்ற ஊர்ப்பெயரில் உள்ளதும் அதே கொக்கி ஆர்தான். அங்கே முன்னால் ‘த்’ வருவதால் அது குரல் இழந்து ஒலிக்கும்.)